மதிப்பிடுபவருக்கும் ஒரு சோதனை

மதிப்பீடு என்பது ஒன்றை அளவுகோலோடு வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை. நகையில் தங்கம் எவ்வளவு, கொட்டிய கான்கிரீட் எத்தனை டன் தாங்கும், விடைத்தாளுக்கு எத்தனை மதிப்பெண், புது மருந்து பலன் தந்ததா, ஊழியருக்குப் பதவி உயர்வு உண்டா என்று கேள்வி தொழிலுக்குத் தொழில் மாறும். பிழை நுழையும் வழிகள் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றே. சோதிக்க எடுத்த மாதிரி தவறாக இருக்கலாம், அளவுகோல் தவறாக இருக்கலாம், மதிப்பிடும் ஆள் தவறலாம். முதல் இரண்டைப் பற்றி எல்லாத் தொழிலும் ஓரளவு கவலைப்படுகிறது. மூன்றாவதைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறது என்பதை வைத்தே ஒரு தொழிலின் மதிப்பீட்டை நம்பலாமா என்று சொல்லிவிடலாம்.

இதில் மிகப் பழைய அனுபவம் தங்கத்துக்கு உண்டு. பொற்கொல்லர் நகையை உரைகல்லில் உரைத்து ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலம் தொட்டு வைத்தால், செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த கோடு சீக்கிரம் மங்கும். எது எவ்வளவு மங்கியது என்று சொல்ல வேண்டியது கண்தான். பழகிய கண் நன்றாகவே கணிக்கும். ஆயிரத்தில் ஐந்து பங்கு குறைவை அதனால் பிடிக்க முடியாது. எக்ஸ் கதிர்க் கருவி கண்ணின் வேலையை எடுத்துக்கொண்டது. கதிர் பட்டதும் ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். அதைக் கணக்கிட்டுச் செம்பு இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று திரை காட்டிவிடும். நகைக்குச் சேதமில்லை. ஆனால் அந்தக் கருவி பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. தங்கத்துக்குள் அதன் பார்வை மைக்ரான் கணக்கில்தான் இறங்கும் என்பதால், தடிமனான முலாம் அதை ஏமாற்றிவிடும்.

சந்தேகம் வந்தால் கடைசித் தீர்ப்பு இன்றும் உலையில்தான். நகையிலிருந்து கால் கிராம் அளவு துணுக்கைச் சுரண்டி எடுத்து, நுண்தராசில் நிறுத்து, அதிலுள்ள தங்கத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெள்ளி சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் ஈயத் தகட்டில் உருண்டையாகச் சுற்றி, எலும்புச் சாம்பலாலோ மக்னீசியாவாலோ செய்த சிறு கிண்ணத்தில் வைத்து, 1000 டிகிரி செல்சியசைத் தாண்டிய உலைக்குள் தள்ளுவார்கள். ஈயம் ஆக்சைடாக மாறி, செம்பு முதலான மற்ற உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். மேலே மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் மட்டும் கலந்த ஒரு மணி. அதைச் சுத்தியால் தட்டி, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி முழுவதும் கரைந்துபோகும். முன்பு வெள்ளியை அத்தனை தாராளமாகச் சேர்த்தது இதற்காகத்தான். தங்கம் நெருக்கமாக இருந்தால் அமிலம் உள்ளே புகாது. கடைசியில் கிடைப்பது தொட்டால் உதிரும் ஒரு பழுப்புச் சுருள். அதைச் சூடாக்கினால் தங்க நிறம் திரும்பிவிடும். 250 மில்லிகிராம் துணுக்கில் 229 மில்லிகிராம் மிஞ்சினால் அது 916, அதாவது 22 காரட்.

இவ்வளவு துல்லியமான முறைக்கும் சொந்தப் பிழைகள் உண்டு. கொஞ்சம் தங்கம் கிண்ணத்தோடு போய்விடும். கொஞ்சம் வெள்ளி கரையாமல் சுருளில் தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறை உலை ஏற்றும்போதும், நகைத் துணுக்குகளோடு தூய்மை முன்பே தெரிந்த தங்கம் ஒன்றும் கூடவே உள்ளே போகும். அதே ஈயம், அதே சூடு, அதே அமிலம், அதே கை. வெளியே வரும்போது அதன் எடை எவ்வளவு மாறியிருக்கிறதோ அதே அளவு திருத்தத்தை மற்றவற்றுக்கும் செய்ய வேண்டும். உலை, அமிலம், தராசு, சோதிப்பவர் எல்லோரையும் அந்த ஒரு துணுக்கு சோதித்துவிடுகிறது. இந்தியாவில் 2000-ல் தொடங்கிய தங்க ஹால்மார்க் முறை 2021 ஜூன் முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமானது. நகையில் பொறிக்கும் ஆறு இலக்க அடையாளத்துக்குப் பின்னால் இருக்க வேண்டியது இந்த ஒழுங்குதான்.

கான்கிரீட்டின் சிக்கல் வேறு. தூணை நசுக்கிப் பார்த்து, அது நன்றாகத்தான் இருந்தது என்று அறிந்து பயனில்லை. அதனால் கொட்டும்போதே கலவையில் கொஞ்சம் எடுத்து, 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இரும்புக் கம்பியால் 35 முறை குத்தி, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போடுகிறார்கள். 28 நாள் கழித்து அந்தக் கட்டியை இயந்திரத்தில் வைத்து உடையும் வரை அழுத்துவார்கள். எம் 20 வகைக் கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். ஒரு கட்டிக்கு அது ஏறத்தாழ 46 டன் பாரம். எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி அமையாது என்பதை இந்தியத் தரவிதி ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. சோதனை முடிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அந்த வலிமைக்குக் கீழே விழக்கூடாது என்பதே வகைப் பெயரின் பொருள். மூன்று கட்டிகள் சேர்ந்தால்தான் ஒரு மாதிரி. அவற்றில் ஒன்று சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது.

விதி இவ்வளவு கவனமாக இருந்தும் ஓட்டை மாதிரி எடுக்கும் இடத்தில் இருக்கிறது. எந்தச் சட்டிக் கலவை அச்சுக்குப் போகிறது என்பது கட்டட வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டியில் சிமெண்டைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் கட்டி தேறிவிடும், தூண் தேறாது. ஏமாற்றும் எண்ணமே இல்லாவிட்டாலும் கட்டி 28 நாள் தொட்டியில் ஊறுகிறது; தூணுக்குச் சாக்கு சுற்றி நாலு நாள் தண்ணீர் ஊற்றினால் பெரிய காரியம். சோதனையில் தேறியது கட்டி என்பதைக் கட்டடம் வாங்குபவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஐயம் பலமானால் இறுகிய கான்கிரீட்டிலேயே துளையிட்டு உருளை எடுத்து நசுக்கிப் பார்ப்பதுதான் வழி.

தேயிலைக்கு உலையும் இல்லை, நசுக்கும் இயந்திரமும் இல்லை. கருவி நாக்கும் மூக்கும். ஆகவே மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொள்வதில் தேயிலைத் தொழில் கறாராக இருக்கிறது. சுவை பார்க்கத் தேநீர் தயாரிப்பதற்கென்றே பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் விதி ஒன்று உண்டு: 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம். இதன் மூலமான பிரிட்டிஷ் விதிக்கு 1999-ல் கேலிப் பரிசான இக் நோபல் கொடுத்துச் சிரித்தார்கள். சிரிப்பு நியாயமில்லை. நீரும் நேரமும் மாறினால் நாக்கு சொல்வது இலையைப் பற்றியா தண்ணீரைப் பற்றியா என்று பிரிக்க முடியாது. சுவைஞர் காய்ந்த தூளையும் ஊறிய இலையையும் சாற்றையும் தனித்தனியே பார்ப்பார். சாற்றைச் சத்தத்தோடு உறிஞ்சி வாய்க்குள் சிதறவிட்டு, மணம் மூக்கின் பின்புறம் ஏறியதும் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்திலும் குன்னூர் ஏலத்திலும் தரகர்கள் இப்படிச் சுவைத்தே முன்கூட்டி விலை குறிக்கிறார்கள். ஏலத்தில் விற்ற விலை அவர்கள் குறித்த விலையைச் சரிபார்த்துவிடும். தொடர்ந்து தவறும் நாக்குக்கு வாடிக்கையாளர் தங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட சரிபார்ப்பு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டி காட்டியது. ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-ல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரே புட்டியின் ஒயினை நடுவர்களுக்குச் சொல்லாமல் மூன்று முறை பரிமாறினார்கள். மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்.

விடைத்தாள் திருத்துவதும் நாக்கால் செய்யும் வேலைக்கு அதிக தூரமில்லை. தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று இங்கிலாந்தில் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் 1888-லேயே புள்ளியியல் வழியில் ஆராயத் தொடங்கினார். 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகலை 142 ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 64 முதல் 98 வரை வந்தது. மொழிப்பாடம் என்றால் ரசனை குறுக்கிடும், கணக்கில் இப்படி நடக்காது என்று சிலர் சொன்னார்கள். மறு ஆண்டு ஸ்டார்ச்சும் எலியட்டும் வடிவியல் தாளை அனுப்பினார்கள். இடைவெளி இன்னும் பெரிதானது: 28 முதல் 90-க்கு மேல் வரை. விடை தவறாக இருந்து வழி சரியாக இருந்தால் எவ்வளவு போடுவது, படம் கோணலாக இருந்தால் எவ்வளவு குறைப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

இவை ஆளுக்கு ஆள் வேறுபாடு. ஒரே ஆள் தன்னோடு தானே ஒத்துப்போகிறாரா என்பது இன்னும் சங்கடமான கேள்வி. பிலிப் ஹார்ட்டாக், இ.சி. ரோட்ஸ் இருவரும் 1935-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு அதைத் தொட்டது. பள்ளி இறுதித் தேர்வின் 15 வரலாற்று விடைத்தாள்களைத் தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு 14 தேர்வாளர்களிடம் அதே தாள்கள் மறுபடியும் கொடுக்கப்பட்டன. மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92-ல், தான் முன்பு சொன்ன தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்ற முடிவையே அதே தேர்வாளர் மாற்றிவிட்டார்.

தேர்வுத் துறைகள் இதை அறியாதவை அல்ல. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வு முகாம்களில் முதலில் முதன்மைத் தேர்வாளர்களும் கூர்ந்தாய்வாளர்களும் தாள்களைத் திருத்தி விடைக்குறிப்பைக் கையில் பழக்கிக்கொள்கிறார்கள். பிறகே உதவித் தேர்வாளர்களிடம் கட்டுகள் போகின்றன. பதிவெண் மறைக்கப்பட்டு டம்மி எண் இடப்படுவதால் யாருடைய தாள் என்று தெரியாது. விடைக்குறிப்பு பெரிய விலகலைக் குறைக்கும். ஆனால் மோசமான ஐந்து தாளுக்குப் பின் வரும் சுமாரான தாள் நல்ல தாளாகத் தெரிவதையும், அழகான கையெழுத்து அரை மதிப்பெண்ணைக் கூட்டுவதையும் விடைக்குறிப்பு தடுக்காது. இங்கிலாந்தில் கணினித் திரையில் திருத்தும் முறை வந்தபின் ஒரு வழி கண்டார்கள். மூத்த தேர்வாளர்கள் கூடி மதிப்பெண் முடிவு செய்த விடைகளை மற்ற விடைகளுக்கு இடையில் அடையாளம் இல்லாமல் நுழைத்துவிடுவார்கள். அவற்றில் விலகிப் போகும் தேர்வாளரின் திரை நிறுத்தப்படும். உலைக்குள் போகும் தூய தங்கத் துணுக்கு செய்வதும் இதைத்தான்.

ஆராய்ச்சியாளர்களும் ஒருவரையொருவர் மதிப்பிடும்போது இதே கதிதான். செயற்கை நுண்ணறிவுத் துறையின் பெரிய மாநாடான நியூரிப்ஸ் 2014-ல் தன்னையே சோதித்துக்கொண்டது. 166 கட்டுரைகளை இரண்டு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்தார்கள். ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு தள்ளிவிட்டது.

மதிப்பிடும் ஆளின் மனத்தை மிகக் கடுமையாகச் சந்தேகித்த தொழில் மருத்துவம். காரணம் எளிது: நோயாளி குணமாக வேண்டும் என்று மருத்துவர் ஆசைப்படுகிறார், அந்த ஆசை எக்ஸ்ரேயைப் பார்க்கும் கண்ணிலும் உட்காரும். 1947-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஸ்ட்ரெப்டோமைசினைக் காசநோயில் சோதித்தபோது, புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இரண்டு பூட்டுகள் போட்டார். 107 நோயாளிகளில் யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைத் தற்செயல் எண்கள் முடிவு செய்தன. மூடிய உறையைத் திறக்கும் வரை மருத்துவருக்கே தெரியாது. பிறகு மார்பு எக்ஸ்ரே படங்களை இரண்டு கதிரியல் வல்லுநர்களும் ஒரு மருத்துவரும் தனித்தனியே படித்தார்கள். எந்தப் படம் எந்தப் பிரிவினுடையது என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். சாவைக் கணக்கிடக் கண்கட்டு வேண்டாம். படத்தில் முன்னேற்றம் என்று சொல்லத்தான் அது வேண்டும்.

அந்த மரபு விரைவிலேயே சென்னைக்கு வந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து இங்கே ஒரு காசநோய் மருந்தாய்வு மையத்தை அமைத்தன. கேள்வி: நோயாளியை ஓராண்டு சானடோரியத்தில் வைத்துத்தான் காப்பாற்ற முடியுமா, நெரிசலான வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா? நோயாளிகளைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டில் இருப்பவர் மாத்திரையைத் தின்றாரா என்பதில் ஏமாற இடமுண்டு. ஆகவே சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்தின் தடயத்தைத் தேடினார்கள். 1959-ல் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் வழக்கொழிந்ததில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. மாத்திரை எண்ணப் போனவர்களின் நடைக்கும் அதில் பங்கு உண்டு.

விளையாட்டில் நடுவரைத் திருத்த முடியாது என்று வைத்துக்கொண்டு எண்ணிக்கையால் சமாளிக்கிறார்கள். நீர்ப்பாய்ச்சல் போட்டியில் ஏழு நடுவர்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு மதிப்பெண்களைத் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள மூன்றைக் கூட்டி, பாய்ச்சலின் கடின எண்ணால் பெருக்குவார்கள். ஒருதலைப்பட்சமான ஒரு நடுவரின் கை இதில் வலுவிழக்கும். 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடன நடுவர் ஒருவர் மீது புகார் எழுந்து, இணையர் பிரிவில் இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுக்க நேர்ந்தபின், அந்த விளையாட்டு தன் மதிப்பெண் முறையையே மாற்றிக்கொண்டது.

மதிப்பீட்டோடு பணம் சேரும்போது இன்னொரு சிக்கல் வருகிறது: மதிப்பிடப்படும் வேலையே உருமாறிவிடும். 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி பள்ளியின் மானியம் தேர்வு முடிவைப் பொறுத்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும். ஆசிரியர்கள் அந்த மூன்றைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டார்கள். வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் முழுக்க மனப்பாடம் செய்தார்கள். தானும் ஓர் ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதைத் தொடர்ந்து எதிர்த்தார். சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும்கூட முடிவைப் பொறுத்து மானியம் என்ற முறை நடந்திருக்கிறது. இங்கிலாந்து அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கைவிட்டது.

எல்லாத் தொழிலிலும் நடந்தும் மிகக் குறைவாகச் சோதிக்கப்படுவது அலுவலக மதிப்பீடுதான். 1920-லேயே உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்து ஒன்றைக் கண்டார். அறிவு, உடற்கட்டு, தலைமைப் பண்பு, நடத்தை ஆகியவை தனித்தனியே கேட்கப்பட்டாலும், எல்லா மதிப்பெண்ணும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. ஆளைப் பிடித்துவிட்டால் எல்லாம் நன்று என்றாகிவிடுகிறது. 2000-ல் ஸ்டீவன் ஸ்கலனும் உடன் ஆய்வாளர்களும் 4,000-க்கும் மேற்பட்ட மேலாளர்களை மேலதிகாரிகள், சக ஊழியர்கள், கீழ் ஊழியர்கள் எனப் பலர் மதிப்பிட்ட தரவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். மதிப்பெண் வேறுபாட்டில் பாதிக்கும் மேலானது மதிப்பிட்டவரின் தனிப்போக்கால் வந்தது. வேலைத்திறனால் வந்தது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்து ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மேலே 20, நடுவே 70, கீழே 10 விழுக்காடு என்று கட்டாயமாகப் பிரித்தது, தாராள மனம் கொண்ட மேலாளரைக் கட்டுப்படுத்தியது உண்மை. ஆனால் குழுவில் எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் யாராவது கீழே போயாக வேண்டும். இதே போன்ற வரிசைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது.

இந்திய அரசுப் பணியில் சிக்கல் ரகசியத்தில் இருந்தது. ஆண்டுதோறும் அதிகாரி எழுதும் ரகசிய அறிக்கையில் பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே ஊழியருக்குச் சொல்லிவந்தார்கள். எல்லைச் சாலைப் பொறியாளர் ஒருவருக்கு ஓராண்டு ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ஐந்தாண்டும் ‘மிக நன்று’ வேண்டும். ‘நன்று’ பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அவருக்கு அது தெரிவிக்கப்படவே இல்லை; இளையவர்கள் மேலே போனார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இப்போது ஊழியர் தன் மதிப்பெண்ணைப் பார்க்கலாம், மறுப்பு எழுதலாம். மதிப்பெண் போடும் அதிகாரியின் கணிப்பு எவ்வளவு சரி என்று சோதிக்கும் ஏற்பாடு இன்னும் வரவில்லை.